தொடர மறுத்த அணி

அந்தச் சனிக்கிழமை எங்கள் பெண்கள் அணியைப் பின்மைதானத்துக்குத் துரத்தியிருந்தார்கள். முன்மைதானத்தில் கழகத்தின் பழைய ஆட்டக்காரர்கள், வயிறு தள்ளிய ஐம்பது வயது ஆண்கள், தங்களுக்குள் ஒரு சிநேக ஆட்டம் வைத்திருந்தார்கள். எங்களுடையது லீக் ஆட்டம். வென்றால் அரையிறுதிக்குப் போகலாம். ஆனாலும் புல் ஒழுங்காக வெட்டிய மைதானம் அவர்களுக்கு. ரயில் பாதையோரம், ஒரு மூலையில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் மைதானம் எங்களுக்கு.

நான் கழகத் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

“அது முன்பே முடிவான விஷயம்” என்றார்.

“யார் முடிவு செய்தது?”

அவர் சிரித்தார். அடம்பிடிக்கும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் ஒரு சிரிப்பு. நான் கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறவள். இரண்டு வயதுப் பிள்ளை நிலத்தில் விழுந்து காலை உதைத்து அழும்போதுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

மொன்றியலுக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயது. அப்பாவுக்கு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும் வேலை. வீடும் அந்தப் பக்கம்தான், வில்லரேயில். அண்ணன் தம்பி இல்லாத வீடு என்பதால் அரிசி மூட்டை தூக்குவதும் மாடிக்குக் கட்டில் ஏற்றுவதும் நான்தான். யாழ்ப்பாணத்திலும் சரி, இங்கே பங்குக் கோயிலிலும் சரி, என் உடம்பைப் பற்றிப் பேசிய எல்லோரும் அதைக் குறைக்கிற வழியைத்தான் பேசினார்கள். ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த கல்லூரிக்கு, தினமும் மெத்ரோ ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்வந்தேன். அங்கேதான் ஒரு பயிற்சியாளர் பெண் நடைபாதையில் என்னை மறித்து, “உனக்கு நல்ல தோள், வா” என்றாள். என் உடம்பை ஒருவர் வேண்டும் என்று கேட்டது அதுவே முதல் தடவை. ரக்பி என்றால் என்னவென்றே தெரியாமல் போனேன். கல்லூரி முடிந்த பிறகும் விடவில்லை. நகரத்தில் ஒரு கழகத்தில் சேர்ந்தேன். மே மாதத்திலிருந்து கோடை முடியும்வரை சனிக்கிழமைகளில் லீக் ஆட்டம்.

வீட்டில் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் படிப்பிக்கப் போகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தா. கோயிலில் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தா.

எங்கள் அணியில் எனக்கு நெருக்கமானவள் வடக்கே சாகெனே பக்கத்திலிருந்து வந்த, பிரெஞ்சு பேசும் ஒரு கெபெக்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சின்ன உருவம், பெரிய வாய். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு உள்ள வீட்டில் இரண்டாம் மாடியில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கையால் இடியப்பம் சாப்பிடுவாள். அம்மா அவளை ‘அந்த வெள்ளைப் பிள்ளை’ என்பா. அவளும் நீச்சல் படிப்பிக்கிறவள் என்றுதான் அம்மாவுக்கு எண்ணம்.

ரக்பியில் ஆட்டம் தடைப்பட்டால் மறுபடி தொடங்குவதற்கு ஸ்கிரம் என்று ஒன்று உண்டு. இரண்டு அணியிலிருந்தும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிராளிகளின் தலைகளுக்கு இடையில் எங்கள் தலைகளைச் செருகி, முட்டித் தள்ள வேண்டும். முன்வரிசையில் மூன்று பேர். ஓரத்தில் நிற்பது நான். நடுவில் நிற்பது அவள். நடுவில் நிற்பவளின் இரண்டு கைகளும் பக்கத்தில் நிற்கும் இருவரின் முதுகைப் பிடித்திருக்கும். அதாவது, விழுந்தால் ஊன்றுவதற்கு அவளுக்குக் கை இல்லை. அவளைத் தாங்கி நிற்பதுதான் என் வேலை. கால் ஊன்ற நிலம் இருந்தால் நான் அதை நன்றாகவே செய்வேன்.

இரண்டாம் பாதியில் அந்தத் தண்ணீர் தேங்கிய மூலையில் ஒரு ஸ்கிரம் வந்தது. கட்டினோம், முட்டினோம். என் கால் சேற்றில் வழுக்கிப் பின்னால் போனது. பின்னாலிருந்து எங்கள் ஆட்கள் தள்ள, முன்னாலிருந்து அவர்கள் தள்ள, நாங்கள் மூன்று பேரும் தலைகுப்புற இறங்கினோம். எல்லோரும் எழும்பினார்கள். அவள் எழும்பவில்லை.

எப்போதும் கெட்ட வார்த்தையோடுதான் எழும்புவாள். கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித் திட்டுவது இந்த ஊர் வழக்கம். நற்கருணைப் பேழை, திருப்பாத்திரம் எல்லாம் அவள் வாயில் வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. முகத்தை ஒரு பக்கம் சேற்றில் வைத்துக்கொண்டு மெதுவாக, “கை எங்கேயென்று தெரியவில்லை” என்றாள்.

எதிரணியில் தாதிப் படிப்புப் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் ஓடிவந்து மண்டியிட்டு என் தோழியின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, “யாரும் தொடாதீர்கள்” என்று கத்தினாள். கழகத்துக்கு முதலுதவிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் முன்மைதானத்தில், சிநேக ஆட்டத்தில், தாத்தாமாரின் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். ஒருத்தி ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தாள். இன்னொருத்தி அம்புலன்ஸுக்கு அழைத்தாள்.

அம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பிப் பார்த்தேன். பூங்காவின் பின்பக்க இரும்புக் கதவுக்கு வெளியே நிற்கிறது. கதவில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு.

நான் முன்மைதானத்துக்கு ஓடினேன். தலைவர் கோட்டோரம் பிளாஸ்டிக் கோப்பையில் பியரோடு நின்றார்.

“கதவுச் சாவி எங்கே?”

“ஏன்? உங்கள் ஆட்டம் முடிந்துவிட்டதா?”

“சாவி!”

அவர் ஒவ்வொரு சட்டைப்பையாகத் தட்டிப் பார்த்தார். பிறகு, “காரில் இருக்கும்” என்றார்.

“கார் எங்கே?”

கார் அங்கே இல்லை. ஆட்டம் முடிந்து குடிக்கிற பியருக்கு ஐஸ் வாங்க யாரோ தெப்பனர் கடைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். என் தோழியின் கழுத்துக்கும் அம்புலன்ஸுக்கும் நடுவே இருந்த சாவி, மூலைக்கடையில் ஐஸ் மூட்டைக்கு வரிசையில் நின்றது.

மருத்துவ உதவியாளர்கள் இருவரும் வண்டியை விட்டுவிட்டு, படுக்கையைத் தூக்கிக்கொண்டு மைதானம் முழுவதும் நடந்தே வந்தார்கள். அவளைப் பலகையில் கட்டி, கழுத்துக்குப் பட்டை போட்டு, திரும்பப் போகும்போது நாங்களும் சேர்ந்து தூக்கினோம். கதவுக்குப் பக்கத்தில் ஆட்கள் நடந்து போக ஒரு சின்ன இடைவெளி. அதிலும் மோட்டார்சைக்கிள் நுழையாமல் இரும்புக் குற்றிகள். வெறுமையாகச் சரித்துக் கொண்டுவந்த படுக்கை, அவள் கிடக்கும்போது அதற்குள் போகவில்லை. ஆறு பேர் அவளைத் தோளுக்கு மேல் உயர்த்தி, குற்றிகளுக்கு மேலால், ஒரு பக்கம் சரியாமல், இந்தப் பக்கக் கைகளிலிருந்து அந்தப் பக்கக் கைகளுக்கு மாற்றினோம். சேற்றில் விழுந்து கிடந்தபோது அழாதவள் அங்கே, எங்கள் தலைகளுக்கு மேலே, கண்ணை மூடிக்கொண்டு அழுதாள்.

அம்புலன்ஸ் போனதும் நடுவர் எங்களிடம் வந்தார். படிக்கிற வயதுப் பையன். முகம் வெளுத்துப்போயிருந்தது. “இன்னும் நேரம் இருக்கிறது. தொடரலாமா?” என்றார்.

எதிரணித் தலைவி, “வேண்டாம், நிறுத்துவோம்” என்றாள்.

எங்கள் பக்கம் நான்தான் சொன்னேன்: “முடியாது.”

அவர் தலையாட்டிவிட்டு ஊதலை ஊதினார். நாங்கள் சேற்றுச் சப்பாத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றா. என்னை மேலிருந்து கீழே பார்த்தா.

“நீச்சல் படிப்பிக்கிற பிள்ளைக்கு ஏனடி காதுக்குள்ளை மண்?”

எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யைப் பற்றி அம்மா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் பிள்ளை நடக்குமோ?” என்று மட்டும் கேட்டா. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “அந்தத் தலைவன் எண்டவன் எங்கை இருக்கிறான்?” என்றார். எழும்பிச் சப்பாத்தைத் தேடினார். போய் அடித்துவிடுவார் என்று பயந்து நான் இடத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

நடந்தாள். கழுத்தெலும்பில் ஒன்று வெடித்திருந்தது. அறுவை வேண்டாம் என்றார்கள். வலது கை முழுதாக உணர்வுக்கு வந்தது. இடது கையில் இரண்டு விரல் மரத்தபடியே நின்றுவிட்டது. கழுத்து பக்கவாட்டில் திரும்பாது. கழுத்து திரும்பாதவளுக்குப் பள்ளிக்கூட பஸ் தரமாட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும்தான் நியாயம் இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே லீக்கின் முடிவு வந்தது. எங்கள் அணி ஆட்டத்தைத் தொடர மறுத்தது. ஆகவே வெற்றி எதிரணிக்கு. விதிப்படி எங்களுக்கு ஒரு புள்ளி வெட்டு. அரையிறுதி போனது. எதிரணித் தலைவி, தங்களுக்கு அந்த வெற்றி வேண்டாம் என்று எழுதினாள். வேண்டுமா வேண்டாமா என்று உங்களைக் கேட்கவில்லை என்கிற மாதிரி அவளுக்குப் பதில் வந்தது. எங்கள் கழகம் மேன்முறையீடு செய்யவில்லை. ஆண்கள் முதல் அணி ஆகஸ்ட் அரையிறுதியில், அதுவும் சொந்த மைதானத்தில், ஆட இருந்தது. இந்த நேரத்தில் லீக்கோடு எதற்கு வம்பு என்று தலைவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆட்டக்காரர்களே கையெழுத்து வைத்து முறையிடலாம் என்று ஒரு விதி இருந்தது. வைத்தோம்.

அதற்குள் ஜூலை முதலாம் திகதி வந்தது. இந்த நகரத்தில் பாதிப் பேர் வீடு மாறுகிற நாள். அவளுடைய வாடகை ஒப்பந்தமும் அன்றோடு முடிந்தது. படி ஏற முடியாதவளுக்குக் கீழ்வீடு ஒன்று பிடித்திருந்தோம். அணி முழுவதும் வந்தது. ஃபிரிட்ஜை அந்த வளைந்த இரும்புப் படிக்கட்டால் இறக்க வேண்டும். நான் கீழ்ப்பக்கம், இரண்டு பேர் மேல்பக்கம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் நடைபாதையில் கழுத்துப் பட்டையோடு விறைப்பாக நின்று, “இடது பக்கம்! உன்னுடைய இடது, என்னுடைய இடது இல்லை!” என்று கத்தினாள். பாதிப் படியில் ஃபிரிட்ஜ் கதவு திறந்து உள்ளேயிருந்த கடுகுப் போத்தல் அவள் காலடியில் விழுந்து உடைந்தது. அப்போதுதான், விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நற்கருணைப் பேழை, திருப்பாத்திரம் எல்லாம் வரிசையாக வந்தன. நாங்கள் படிக்கட்டில் ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு சிரித்தோம். அந்தக் கோடையில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

விசாரணை ஒரு ஹொக்கி அரங்கின் மேல்மாடி அறையில் நடந்தது. கோடை என்பதால் கீழே ஐஸ் இல்லை. வெறும் சீமெந்துத் தரையும் ரப்பர் மணமும். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஒரு பக்கம் குறிப்பு எழுதுகிற பெண். மறுபக்கம் நரைத்த தலையோடு எங்கள் நிறத்தில் ஒருவர், நடுவர்களின் பிரதிநிதி. இந்தியர் என்று நினைத்தேன். இந்தப் பக்கம் நானும் எங்கள் அணித் தலைவியும், கொஞ்சம் தள்ளி எங்கள் கழகத் தலைவரும்.

அதிபர் மென்மையாகப் பேசினார். அந்த மென்மைதான் எனக்கு ஆகவில்லை.

“நடந்தது துரதிர்ஷ்டம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் முன்னால் இருக்கிற கேள்வி சின்னது. தொடரலாமா என்று நடுவர் கேட்டார். நீங்கள் மறுத்தீர்களா?”

“எங்கள் ஆட்டக்காரி கழுத்து உடைந்து—”

“மறுத்தீர்களா?”

“மறுத்தோம்.”

“நன்றி. அதுதான் தெரிய வேண்டியிருந்தது.”

நான் கதவைப் பற்றிச் சொன்னேன். அது கழகத்தின் விஷயம், லீக்கின் விஷயம் அல்ல என்றார். கழகத் தலைவரைப் பார்த்து, சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கழகம் லீக்கின் முடிவை ஏற்றுக்கொள்கிறது” என்றார்.

எங்களுக்காக வந்தவர் சொன்னது அது.

எனக்கு ஆங்கிலம் தெரியும், பிரெஞ்சு தெரியும். கார்டெரியில் இரண்டிலும் பாட்டுப் பாடுகிறவள். அந்த நேரத்தில் இரண்டும் என்னைக் கைவிட்டன. எழுந்து நின்றேன். மேசையில் கையை ஓங்கி அடித்தேன். வந்தது தமிழ்தான்.

“உங்கட பிள்ளை கழுத்து முறிஞ்சு சேத்துக்கை கிடந்தாலும் இப்பிடித்தான் மணிக்கூடு பாத்துக்கொண்டு நிப்பியளோ? மனிசரே நீங்கள்? நாசமறுவாரே! நீங்களும் உங்கட புள்ளியும் மண்ணாய்ப் போக!”

யாருக்கும் விளங்கியிருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நரைத்த தலைக்காரர் முகத்தைக் குனிந்துகொண்டார். அதிபர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்களுக்கு விளங்கியதா?”

“ம்.”

“என்ன சொல்கிறாள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழகான ஆங்கிலத்தில், “காயப்பட்டது அவருடைய நெருங்கிய தோழி. அந்த இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கும்படி தயவாகக் கேட்கிறார்” என்றார்.

தயவாக.

மேசையை அடித்தபோது வந்தது ஒரு கோபம். இப்போது வந்தது வேறு. என் வாயிலிருந்து வந்த சொல்லை ஒருவர் என் கண் முன்னாலேயே கழுவி, துடைத்து, மடித்து அவர்களிடம் கொடுக்கிறார். ஆங்கிலம் திரும்பி வந்துவிட்டது.

“நான் அப்படிச் சொல்லவில்லை. தயவாக ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் மனிதர்களா என்று கேட்டேன். நீங்களும் உங்கள் புள்ளியும் அழிந்துபோக வேண்டும் என்று சொன்னேன். எழுதுங்கள்.”

அதிபர் நரைத்த தலைக்காரரிடம், “அப்படியா?” என்றார்.

“அப்படியும் எடுத்துக்கொள்ளலாம்” என்றார் அவர்.

எங்கள் முறையீடு தள்ளுபடியானது. எனக்கு அந்தப் பருவம் முடியும்வரை ஆடவும், லீக் மைதானம் எதற்குள்ளும் கால் வைக்கவும் தடை.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் பின்னாலிருந்து தமிழில் குரல் கேட்டது.

“தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்க.”

அவர்தான். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

“நானும் சிலோன்தான். கண்டி. ஸ்கூல்ல ரகர் விளையாடினவன். கலவரத்துக்குப் பிறகு இங்க வந்தேன்.” ரக்பியை ரகர் என்று சொல்கிற ஒருவரை அன்றுதான் கண்டேன். “நான் உங்களைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். நீங்க பேசாம இருந்திருந்தா தடை வந்திருக்காது.”

“ஆர் காப்பாத்தச் சொல்லிக் கேட்டது? நான் கேட்டனானே?”

“இவங்களோட கத்திப் பேசினா ஒண்ணும் நடக்காது. அந்த மேசையில ஒரு கதிரை கிடைக்க எனக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? உள்ளுக்குள்ள ஒருத்தன் இருக்கணும். அப்பத்தான் மெதுமெதுவா ஏதாவது செய்யலாம்.”

“இண்டைக்கு உள்ளுக்கை இருந்து என்ன செய்தனீங்கள்? எங்களுக்குச் சார்பா வோட்டுப் போட்டனீங்களே?”

“அதை வெளியில சொல்லக்கூடாது.”

“சொல்லத் தேவையில்லை. விளங்குது.”

நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். எங்கள் அணித் தலைவி என் பின்னால் ஓடிவந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மொழிபெயர்க்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

வீட்டில் அம்மா கேட்டுவிட்டு, “ஏன் வாயைக் குடுத்தனி?” என்றா. பிறகு, “நல்லதாப் போச்சு. இனிச் சனிக்கிழமையிலை கோயிலுக்குப் பூ வைக்க வா” என்றா. நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனேன். என் இருபத்தைந்து வயதில் பத்து வயதுப் பிள்ளைபோல.

ஆகஸ்டில் ஆண்களின் அரையிறுதி வந்தது. உள்ளே போக எனக்குத் தடை. தெருவில் நிற்க யாரும் தடை போடவில்லையே. பின்பக்கத் தெருவில் போய் நின்றேன். எங்கள் அணியில் பாதிப் பேர் வந்தார்கள். உள்ளே முன்மைதானத்தில் ஆட்டம் நடக்கிறது, கூட்டம் கத்துகிறது. இந்தப் பக்கக் கதவில் அதே சங்கிலி, அதே பூட்டு. ஒருத்தியின் கழுத்து போன பிறகும் அந்தப் பூட்டைத் திறந்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

யார் முதலில் கை வைத்தது என்று நினைவில்லை. அந்தக் கதவு இரண்டு இரும்பு முளைகளில் மாட்டியிருந்தது. மேலே தூக்கினால் கழன்றுவிடும். நாங்கள் தள்ளுவதற்கும் தூக்குவதற்குமே வருடக்கணக்காகப் பழகியவர்கள். குனிந்து, முதுகை நேராக்கி, ஒருத்தி சொல் கொடுக்க, ஒன்றாகத் தூக்கினோம். துரு கிறீச்சிட்டது. கதவு கழன்று வந்தது. மறுபக்கச் சங்கிலியைச் சுற்றி அதைத் திருப்பிப் புல்லில் கிடத்தினோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

தலைவர் ஓடிவந்தார். பொலிஸைக் கூப்பிடுவேன் என்றார். “கூப்பிடுங்கோ” என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது. கூப்பிடவில்லை. அடுத்த கிழமை என்னையும் இன்னும் நாலு பேரையும் கழகத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கதவு திரும்ப வரவில்லை. அந்த இடத்தில் யாரோ இரண்டு பெரிய கொங்கிரீட் கட்டைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். யார் கேட்டு யார் வைத்தது என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். கதவையாவது சாவி இருந்தால் திறக்கலாம்.

இதையெல்லாம் நான் போய்த் தோழியிடம் கொட்டினேன். கிழமைக்கு இரண்டு தடவை போவேன். கட்டையைப் பற்றி, தலைவரைப் பற்றி, கண்டிக்காரரைப் பற்றி, வழக்குப் போடலாமா என்று. அவள் சாகெனேக்குத் திரும்பிப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் பேசப் பேச, கையிலிருந்த துணியைக் கட்டிலில் எறிந்தாள்.

“போதும்.”

“என்ன போதும்?”

“இது என்னுடைய கழுத்து. நான் காலையில் எழும்பி அதோடு பல்லுத் தீட்டுகிறேன், அதோடு சாப்பிடுகிறேன். கொஞ்ச நேரம் மறந்திருப்பேன். நீ வருவாய். வந்து அந்த மைதானத்தை என் அறைக்குள் கொண்டுவந்து போடுவாய். என்னைவிட உனக்கு எப்படி அதிகக் கோபம் வரலாம்?”

“உனக்குக் கோபம் வரவில்லையா?”

“வருகிறது. இப்போது உன்மேல் வருகிறது.”

நான் எழும்பி வந்துவிட்டேன். அவள் ஊருக்குப் போன அன்று பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. அவளுக்காக இவ்வளவு செய்தேனே என்று பல நாள் உள்ளே புகைந்தது. அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வரும். அது புகைச்சலைக் குறைக்கவில்லை. டிசம்பரில், நத்தாருக்கு முதல்நாள் அவளே தொலைபேசியில் அழைத்தாள். ஊரில் பள்ளிக்கூட பஸ் கந்தோரிலேயே வேலையாம். ஓட்டுகிற வேலை இல்லை. கந்தோரில் இருந்து வானொலியில் சாரதிகளுக்கு வழி சொல்கிற வேலை. “நாள் முழுக்கத் திட்டலாம், அதற்குச் சம்பளம்” என்றாள். மைதானத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு தொலைபேசியை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். இருவரும் ஒருவருக்கு ஒருவர் விளங்காத மொழியில் நெடுநேரம் கதைத்தார்கள்.

அடுத்த வசந்தத்தில் நீக்கப்பட்ட ஐந்து பேரும் நகரத்தின் மறுபக்கம் வேறு கழகத்தில் சேர்ந்தோம். லீக்கின் விதிகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. ஆட்டம் நடக்கும் நேரம் முழுவதும் அம்புலன்ஸ் மைதானத்தின் ஓரம்வரை வரக்கூடிய வழி திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. காயத்தால் நின்ற ஆட்டத்துக்குப் புள்ளி வெட்டும் இல்லை. அதைக் கொண்டுவந்தது கண்டிக்காரர்தான் என்று எங்கள் புதிய பயிற்சியாளர் சொன்னார். குளிர்காலம் முழுவதும் ஒவ்வொருவராகப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தாராம்.

கேட்டபோது எனக்கு நன்றி வரவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமோ என்று கோபம்தான் வந்தது. நாங்கள் கத்தாமல், கதவைக் கழற்றாமல் இருந்திருந்தால் அவர் யாரிடம் போய் எதைப் பேசியிருப்பார்?

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவரைக் கண்டேன். நடுவரை மதிப்பிட வந்து, கோட்டோரம் மடிப்புக் கதிரையில் குடையோடு இருந்தார். நான் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே போய் அவர் முன் நின்றேன்.

“அந்த விதி நீங்கள் எழுதினதோ?”

“கமிட்டி எழுதினது.”

“அவளின்ர பேர் ஏன் அதிலை இல்லை? எங்கட பேர் ஏன் இல்லை?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “விதியில யாரோட பேரும் போடறதில்ல, தங்கச்சி.”

அது உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. நடுவர் இரண்டு அணியையும் கூப்பிட்டார். நான் வாய்க்காப்பை எடுத்துப் பல்லில் மாட்டிக்கொண்டு, அவரிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், மைதானத்துக்குள் இறங்கினேன்.